டெஸ்லா மாமா

டெஸ்லா மாமா என்பவர் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஆண்டுக்கு ஒருமுறையோ, விமானச் சீட்டின் விலையைப் பொறுத்து இரண்டாண்டுக்கு ஒருமுறையோ தென்படும் மனிதர். நிரந்தர வதிவிடம் ரொறன்ரோ, ஒஸ்லோ, சூரிச் அல்லது லண்டன். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தமும் வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் ஒரே காலத்தில் வருவதால், கச்சான் காற்று வீசும் யூலை, ஓகஸ்ட் மாதங்களே இவரைக் காண உகந்த காலம். எழுவான்கரையில் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் இவர்கள் நெருக்கமாக இருப்பார்கள். படுவான்கரையில் எண்ணிக்கை குறைவு. அதனாலேயே மரியாதை அதிகம். உறவுமுறையில் இவர் மாமாவாக இருந்தாக வேண்டியதில்லை. சித்தப்பாவும் அத்தானும் இவ்வினத்தில் உண்டு.

முழங்காலுக்குக் கீழே இறங்கிய அரைக்காற்சட்டை, போத்தல் தண்ணீர், நுளம்புக் களிம்பு ஆகியவை எல்லா வெளிநாட்டு விருந்தாளிகளுக்கும் பொதுவானவை. அவற்றை வைத்து இவரைப் பிரித்தறிய முடியாது. ஊரிலுள்ள எந்த வாகனத்தில் ஏறினாலும், கதவைச் சாத்திய கையோடு “இதெல்லாம் எங்கட காரில தொடத் தேவையில்ல” என்று சொல்பவரே டெஸ்லா மாமா. அந்தக் கார் பல ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கிறது. பேச்சு மட்டும் கூட வந்திருக்கிறது.

அந்தக் கார் மொடல் 3. இந்தத் தகவலை அவரிடமிருந்து நேரடியாகப் பெறுவது கடினம்.

“மாமா, அங்க என்ன கார் வெச்சிருக்கீங்க?”

“டெஸ்லா மனே.”

பதில் அந்த இடத்தில் முடிந்துவிடும். பென்ஸ் வைத்திருப்பவர் சி கிளாஸ், ஈ கிளாஸ் என்று தொடர்ந்து சொல்வார். டெஸ்லா மாமா தொடர்வதில்லை. தொடர்ந்தால் படிக்கட்டு தெரியும். படிக்கட்டு தெரிந்தால் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

அந்தப் படிக்கட்டைக் கட்டியது நிறுவனமே. 2003 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டெஸ்லா, 2008 இல் ஏறக்குறைய ஒரு லட்சம் டொலர் விலையுள்ள ரோட்ஸ்டர் என்ற இரண்டு இருக்கைக் காரோடு சந்தைக்கு வந்தது. 2012 இல் மொடல் எஸ், 2015 இல் கதவு பருந்துச் சிறகாக மேலெழும் மொடல் எக்ஸ். பணக்காரருக்கு முதலில் விற்று, அந்தக் காசில் மற்றவர்களுக்கான காரைச் செய்வது என்ற திட்டத்தை ஈலோன் மஸ்க் 2006 இலேயே பகிரங்கமாக எழுதிவிட்டார். மற்றவர்களுக்கான அந்தக் கார் 2016 மார்ச் 31 அன்று மேடையேறியது. அறிவித்த விலை 35,000 டொலர். கண்ணால் காணாத காருக்கு ஆயிரம் டொலர் முற்பணம் கட்டி ஒரே வாரத்தில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். முதல் முப்பது கார்கள் 2017 யூலையில் கைமாறின. சொன்ன 35,000 டொலர்க் கார் 2019 இல்தான் வந்தது. சில வாரங்களிலேயே அதை இணையத்தில் வாங்க முடியாமல், தொலைபேசியில் கேட்டோ காட்சியறைக்குப் போயோதான் வாங்கலாம் என்றாயிற்று. விலை குறைந்ததை வாய்விட்டுக் கேட்டு வாங்க வைத்தால் எத்தனை பேர் கேட்பார்கள் என்பதை அந்த நிறுவனம் அறிந்திருந்ததுபோலும். கேட்டவர்களில் டெஸ்லா மாமாவும் இருந்திருக்கலாம். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தத் திட்டமே போடப்பட்டது என்பதால், இதில் அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

விற்பனையைப் பார்த்தால் டெஸ்லா என்பதே இந்தக் கீழ்ப்படிதான். 2024 இல் நிறுவனம் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த ஏறக்குறைய 17.9 லட்சம் கார்களில் 17 லட்சம் மொடல் 3 உம் அதன் உயரமான தங்கை மொடல் வை யும். அதன் விளைவை மாமா தன் தெருவிலேயே அனுபவிக்கிறார். நோர்வேயில் 2019 இல் அதிகம் விற்ற கார் மொடல் 3. சுவிற்சர்லாந்திலும் 2021 இல் அதுவே. 2021 இல் ஹேர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் ஒரு லட்சம் டெஸ்லாக்களுக்கு ஓடர் கொடுத்தது. நியூயோர்க்கில் அது மஞ்சள் டாக்சி. ஸ்காபுறோவில் கூப்பிட்டால் வரும் வாடகைக் காரும் அதுவாக இருக்கலாம். ஓட்டி வருபவர் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியில் மாமாவுக்கு இரண்டு வகுப்புப் பிந்திப் படித்தவராகவும் இருக்கலாம். விலையை நிறுவனமே அடிக்கடி குறைத்ததால், சென்ற ஆண்டு வாங்கியவர் இந்த ஆண்டு வாங்குபவரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் வழக்கமும் உண்டானது. பின்னர் மஸ்க் அரசியலுக்குள் இறங்க, அவர் இப்படி ஆவதற்கு முன்பே இந்தக் காரை வாங்கிவிட்டோம் என்று எழுதிய ஒட்டிகளைச் சிலர் காரின் பின்னால் ஒட்டினார்கள். வாடகை வாகன ஓட்டிகளுக்கான மின்சாரக் கார் ஊக்கத்தொகையிலிருந்து ரொறன்ரோ மாநகரம் 2025 இல் டெஸ்லாவை நீக்கியது. பெருமைக்கு வாங்கிய பொருளுக்கு விளக்கம் சொல்லித் திரிய வேண்டிய நிலைமை.

கல்லடிப் பாலம் தாண்டியதும் இந்தச் சரிவு முழுவதும் நிமிர்ந்துவிடுகிறது. இங்கே டெஸ்லாவில் மேல்படி, கீழ்ப்படி கிடையாது, ஒரே டெஸ்லாதான். அது செவ்வாய்க்கு ராக்கெட் விடப்போகிற மனிதர் செய்த கார். நிறுவனமும் இதற்குத் துணைபோகிறது: மொடல் 3 இன் பின்புறத்தில் மொடலின் பெயரை எழுதுவதில்லை. ஆகவே கைபேசிப் படத்தை எத்தனை தரம் பெரிதாக்கிப் பார்த்தாலும் குட்டு வெளிப்படாது. கலியாணத் தரகர்களுக்கு இது பெரும் வசதி. பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்து மாப்பிள்ளை எடுப்பது மட்டக்களப்பு வழக்கம். மாப்பிள்ளையின் படத்தோடு காரின் படமும் வட்ஸ்அப்பில் வந்துவிட்டால், பெண்வீட்டார் இரண்டாவது மாடிக்கு அத்திவாரம் தாங்குமா என்று பார்க்கத் தொடங்குவார்கள்.

மாலையில் முற்றத்துக் கதிரையில் மாமா அமர்ந்ததும் விசாரணை ஆரம்பமாகும். கேட்பவர்களை அவர் அறியாதவர்கள் என்று எண்ணுவது வழக்கம். கேள்விகள் அப்படியல்ல.

முதல் கேள்வி ஊரிலேயே இருக்கும் மாமியுடையது. “மறுகா, கறண்ட் போனா?” அங்கே கறண்ட் போவதில்லை என்று மாமா சிரிப்பார். மாமி சிரிப்பதில்லை. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருட்டில் சமைத்தவர் அவர். 2025 பெப்ரவரி 1 இல் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். ஒரு குரங்கு நினைத்தால் நிற்கக்கூடிய காரை மாமி மதிப்பதற்கு நியாயமில்லை.

இரண்டாவது கேள்வி பில் பற்றியது. ஒருமுறை நிரப்ப ஏறக்குறைய அறுபது யூனிட் என்பார் மாமா, மிகவும் மலிவு என்ற தொனியில். இலங்கையின் வீட்டு மின்கட்டண அட்டவணையில் அறுபது யூனிட் என்பது லக்ஷ்மண ரேகை. அதைத் தாண்டாமலிருக்க மாதம் முழுவதும் அயன் பெட்டியை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. சாதாரண சுவர்ப் பிளக்கில் குத்தினால் முழுதாக ஏற ஒரு நாளுக்குக் குறையாது என்ற மேலதிகத் தகவலை மாமா சொல்லும்போது, மாமியின் பார்வை மீற்றர் பெட்டிக்குப் போய்விடும்.

மூன்றாவது கேள்வி படலையில் சாய்ந்து நிற்கும் ஓட்டோக்காரருடையது. கார் சத்தமே போடாது என்று மாமா சொன்னதும் அவர் கேட்பார்: “சத்தம் இல்லாட்டி மாடு எப்பிடி எழும்பும்?” இரவில் தார் வீதியின் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடுகள் இந்தப் பிரதேசத்துப் போக்குவரத்தின் நிரந்தர அங்கத்தினர். ஏறக்குறைய மூன்று செக்கனில் நூறு கிலோமீற்றர் வேகம் பிடிக்கும் வகையும் மொடல் 3 இல் உண்டு. அது தம்முடையது அல்ல என்பதை மாமா சொல்ல மறந்துவிடுவார். கார் தானாக ஓடுமா என்று பையன்கள் கேட்பார்கள். ஓடும் என்பார். கையைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கார் கத்திக்கொண்டே இருக்கும் என்பதும் அதே வகை மறதிக்குள் அடங்கும்.

நான்காவதாக ஒரு கேள்வி வருவதுண்டு; அது கேள்வி மாதிரி இருக்காது. “பற்றரி இறங்குமே.” இதன் வேர் நிசான் லீஃபில் இருக்கிறது. வரி குறைவாயிருந்த 2014, 2015 காலத்தில் ஜப்பானில் பாவித்த லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்தன. அவற்றின் மின்கலத்தைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லை. வெயிலில் மின்கலம் முதுமையடைந்து, நூறு கிலோமீற்றர் ஓடியது அறுபதாகி நாற்பதாகியது. மின்சாரக் கார் பற்றிய கிழக்கிலங்கையின் பொது அபிப்பிராயம் பெரும்பாலும் இந்த அனுபவத்தில் முளைத்தது. மொடல் 3 இன் மின்கலம் திரவத்தால் குளிர்விக்கப்படுவது, எட்டு ஆண்டு உத்தரவாதம் உடையது. மாமா உண்மையாகவே பெருமைப்படக்கூடிய செய்தி இதுதான். இது அவருக்குத் தெரியாது. அவர் கண்ணாடிக் கூரையைப் பற்றிச் சொல்வார். வெயில் தலையில் இறங்காதா என்று மாமி கேட்பார்.

டெஸ்லா மாமாவுக்கு இயற்கையான பகைவர்கள் மூவர். முதலாமவர் யூடியூப் பார்க்கும் பதினான்கு வயது மருமகன், “எஸ் ஆ, த்ரீ ஆ?” என்று நேரடியாகக் கேட்பவன். “த்ரீதான் மனே புதுசு, எஸ் பழசு” என்று மாமா சமாளிப்பார். இது பொய்யன்று, 2017, 2012 க்குப் பிந்தியதே. இரண்டாமவர் லண்டனிலிருந்து அதே திருவிழாவுக்கு வந்திருக்கும் மொடல் எக்ஸ் மாமா. இருவரும் தீர்த்தக் கரையில் எதிர்ப்பட்டால் காரைப் பற்றிப் பேசுவதில்லை, நீரிழிவைப் பற்றிப் பேசுவார்கள். மூன்றாமவரே ஆபத்தானவர்: கூடவே வந்திருக்கும் சொந்த மகள். “எங்கட ரோட்டில எல்லாரும் அதுதானே வெச்சிருக்காங்க” என்று தயிர் சாப்பிட்டபடி சொல்லிவிடுவாள். அதன் பிறகு சிறிது நேரம் அந்த ஆண்டின் இறால் விலை பேசப்படும்.

காரை ஏன் இங்கே கொண்டுவரவில்லை என்ற கேள்விக்கு மாமா “வரி” என்று ஒரே சொல்லில் பதில் சொல்வார். பதில் சரியானதுதான். மின்சாரக் காருக்கு இலங்கையின் உற்பத்தி வரி மோட்டரின் கிலோவாட்டையும் காரின் வயதையும் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. மொடல் 3 இன் மோட்டர் 200 கிலோவாட்டைத் தாண்டும். கனடாக் காருக்கு இடப்பக்கச் சுக்கான் என்ற தடையும் சேரும். ஆகவே விடுமுறை முழுவதும் மாமா வாடகைக்கு எடுத்த டீசல் கே.டி.எச். வானில்தான் போய்வருவார். அதன் குளிர்சாதனத்தைக் கூட்டச் சொல்வதற்கு மட்டும் சாரதியோடு பேசுவார்.

அண்மைக் காலத்தில் இவரது நிலையில் ஒரு மாற்றம் தெரிகிறது. மின்கலம் செய்வதற்காக 1995 இல் சென்சென் நகரில் தொடங்கிய பி.வை.டி. நிறுவனத்தின் கார்கள் இலங்கை வீதிகளுக்கு வந்துவிட்டன. அந்நிறுவனம் மின்கலத்தில் மட்டும் ஓடும் கார்களின் விற்பனையில் 2023 இன் கடைசிக் காலாண்டில் டெஸ்லாவை முந்தியது. இதனால் முற்றத்தில் இப்போது இன்னொருவரும் கதிரை போட்டு அமர்கிறார்: லீசிங் எடுத்து அட்டோ 3 வாங்கிய உள்ளூர் மருமகன். இவரது காரைத் தொட்டுப் பார்க்கலாம், ஏறிப் பார்க்கலாம், மாமாங்கத்துக்குக் கொண்டுபோய்ப் பூசையும் போடலாம். மாமாவிடம் படம் மட்டுமே உண்டு. “சைனாக் கார்தானே” என்பார் மாமா. ஐரோப்பாவில் ஓடும் மொடல் 3 களில் பெரும்பாலானவை ஷங்காயில் செய்யப்பட்டவை என்பதை மருமகன் கைபேசியில் எடுத்துக் காட்டுவார். சூரிச் மாமாவாக இருந்தால் இந்த இடத்தில் தேநீர் கேட்பார். ரொறன்ரோ மாமாவாக இருந்தால் கார் எந்த ஆண்டில் வாங்கியது என்று மனதுக்குள் கணக்குப் பார்ப்பார்.

மாமாவும் மருமகனும் ஒத்துப்போகும் விடயம் ஒன்றுண்டு: அடுத்த வளவில் நிற்கும் 2014 ஆம் ஆண்டு நிசான் லீஃப். அதை ஒரு கார் என்று சேர்த்துக்கொள்ள இருவருமே மறுப்பார்கள். சொந்தக்காரர் ஓர் ஆசிரியர். காலையில் புளியந்தீவுக்குப் போய் மதியம் திரும்புகிறார். 2022 இல் ஊரே பெற்றோல் வரிசையில் நின்றபோது, கறண்ட் வந்த நேரம் பார்த்துப் பிளக்கைக் குத்தி அந்த லீஃபில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார். கார் எப்படி என்று யாராவது கேட்டால் “ஓடுது” என்பார்.