வைஃபை மாமா

வெள்ளவத்தையில் ஒரு புதுத் தொடர்மாடிக்கு லிப்ட் பூட்டி முடிவதற்குள் வைஃபை மாமா ஒருவர் அமைந்துவிடுவார். நிர்வாகக் குழுத் தலைவரையும் பொருளாளரையும் வருடாந்தக் கூட்டத்தில் மாற்றலாம். மாமாவை எவரும் தெரிவு செய்யவில்லை. அதனால் இறக்கவும் வழியில்லை.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சாரம், அரைக்கைச் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட வாசிப்புக் கண்ணாடி. சட்டைப் பையில் ஒரு சேஃப்டி பின் குத்தியிருக்கும். பொத்தான் அறுந்துவிட்டதாக்கும் என்று ஆன்ரிமார் இரங்க வேண்டாம். ரவுட்டரின் முதுகிலுள்ள ரீசெட் துவாரத்துக்காக அவர் சுமக்கும் ஆயுதம் அது.

மாமாவின் பூர்வாசிரமம் கொமியூனிகேஷன். தொண்ணூறுகளில் காலி வீதி நெடுக இருந்த கொமியூனிகேஷன் கடைகளில் ஒன்று அவருடையது. பிளைவூட் அடித்த இரண்டு கூண்டு, கூண்டுக்கொரு தொலைபேசி, வெளியே ரூபாய்க் கணக்கு ஓடும் சிவப்பு இலக்கங்கள். வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் தங்கி, வெளிநாட்டுக் கோலுக்குக் காத்திருந்த சனம் முழுவதும் அவர் வாசலில்தான் நின்றது. பிளைவூட்டுக்கு இரகசியம் காக்கத் தெரியாது. யாருக்குச் சாதகம் பொருந்தியது, எந்த ஏஜென்சிக்காரன் காசோடு மறைந்தான் என்பதெல்லாம் கல்லாவில் இருந்தபடியே அவர் காதுக்கு வந்துவிடும். சர்வதேச அழைப்பில் சிறீலங்கா ரெலிகொம்முக்கு இருந்த தனியுரிமை 2002இல் முடிந்தது. அடுத்த வருடம் வேறு நிறுவனங்களும் அனுமதி பெற, நிமிடக் கட்டணம் சரிந்தது. பிறகு ஸ்கைப் வந்தது, வைபர் வந்தது, வட்ஸ்அப் வந்து கூண்டையே மூடியது. கடைதான் போனது. பெற்றாரைப் பிள்ளைகளோடு கதைக்க வைக்கும் உத்தியோகத்தை மாமா இன்றும் சம்பளமில்லாமல் பார்க்கிறார்.

அவர் புகழ் மாடிப்படி கடந்து ஒழுங்கை முழுவதும் பரவியது 2022இல். மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் நின்றது. ஃபைபரில் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது; வீட்டு ரவுட்டருக்குத்தான் உயிரில்லை. ரவுட்டர் 12 வோல்ட்டில் ஓடுகிறது என்பதை மாமா அடப்டரின் அடியில் டோர்ச் பிடித்து வாசித்தார். மருமகனின் மோட்டார் சைக்கிள் பற்றரி மேசைக்கு ஏறியது. "அம்மா, அங்கை கரண்ட் இருக்கோ?" என்று ரொறொன்ரோவிலிருந்து மகள் கேட்க, "இல்லைப் பிள்ளை, வைஃபை இருக்கு" என்று இருட்டுக்குள்ளிருந்து பதில் போனது. பிறகு வீட்டுக்கு வீடு மினி யூபிஎஸ் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பற்றரிக் கதையைக் கேட்காமல் எவரும் மாமாவுக்குத் தேத்தண்ணி கொடுக்க முடியாது.

மாமாவின் இப்போதைய அத்தியாயத்தின் பெயர் மெஷ். லண்டன் மகன் விடுமுறையில் வரும்போது சூட்கேஸில் சேலைகளுக்கு நடுவே, வைஃபையை அறை அறையாகக் கடத்தும் மூன்று வெள்ளைப் பெட்டிகளைச் சுற்றிக் கொண்டு வருவார். அதில் இருப்பது 13 அம்பியர் சதுர முள். நமது சுவருக்கு அப்படியே பொருந்தும். கனடா மகள் கொடுத்துவிட்டதென்றால் தட்டை முள். கொன்வேட்டருக்கு யுனிட்டி பிளாசா பக்கம் ஒரு நடை போகவேண்டும். பெட்டி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் திறப்பவர் மாமாதான். வாங்கியவரே திறந்துவிட்டால் அவருக்கு முகம் கறுத்துவிடும்.

மூன்றாம் மாடி ஆன்ரியின் முறைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். "தம்பி, ஹோலில மகன்ர முகம் வடிவாத் தெரியுது. அறைக்குள்ள போனா கட்டை கட்டையா உடையுது." மாமா பதில் சொல்ல மாட்டார். கைத்தொலைபேசியில் வேகச் சோதனையை ஓடவிட்டு வீட்டைச் சுற்றி நடப்பார், அதுவும் வலமாகத்தான். குசினியில் ஒருமுறை நின்று தலையாட்டுவார். குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே இருக்கும் அங்கிளை வெளியே வரச் சொல்லி, அங்கேயும் ஒருமுறை அளப்பார். கடைசியாகத் தீர்ப்பு வரும்: "அக்கா, உங்கட வீட்டில வருத்தம் வைஃபைக்கு இல்லை. அது நிக்கிற இடத்துக்கு."

இதில் மாமா சொல்வது முழு உண்மை. ஃபைபர் கம்பி மாடிப்படிப் பக்கத்துக் குழாயால் ஏறி, முன்கதவுக்கு மேலே துளைத்து உள்ளே வருகிறது. பூட்ட வந்த பையன் அது முடிந்த இடத்திலேயே, சப்பாத்துத் தட்டுக்கு மேல், கம்பனியின் ரவுட்டரான கேட்வேயைத் திருகிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அன்று இன்னும் பல வீடுகள். பிளாட்டோ கடலை நோக்கி நீளமாகப் போகிறது. நடுவில் கம்பி கட்டிய கொங்கிறீற் தூண், மாபிள் ஒட்டிய குளியலறை, ஆள் உயரக் கண்ணாடி பதித்த இரும்பு அலுமாரி. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும். ஆனால் அந்த வரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சனல் மூன்றுதான்: 1, 6, 11. தொடர்மாடியில் அந்த மூன்றுக்குள் எத்தனை வீடு நெரிகிறது என்று பார்க்க, ஆன்ரியின் தொலைபேசியில் வைஃபைப் பட்டியலைத் திறந்தால் போதும். 'ஓம் முருகா', 'கேட்டால் தரமாட்டம்', 'நாலாம் மாடிக்கு இல்லை' என்று பெயர்கள் விரல் நோகும்வரை ஓடுகின்றன.

அடுத்தது பெட்டிகளை எங்கே வைப்பது என்ற குடும்பச் சபை. ஆன்ரிக்கு ஒன்று படுக்கையறையில் வேண்டும், ஏனென்றால் அங்கேதான் சிக்னல் இல்லை. இன்னொன்று சாமியறையில், ஏனென்றால் அங்கேதான் பிளக் சும்மா இருக்கிறது. மாமா இரண்டையும் மறுப்பார். மெஷ் பெட்டி இணையத்தைத் தானாகச் சுரப்பதில்லை. தனக்குக் கிடைத்ததைத்தான் அடுத்த அறைக்குக் கொடுக்கும். ஒன்றுமே எட்டாத மூலையில் வைத்தால் அதற்கும் ஒன்றும் கிடையாது, ஆன்ரிக்கும் கிடையாது. சிக்னல் இன்னும் திடமாக இருக்கிற பாதி வழியில்தான் அதை வைக்க வேண்டும். பாதி வழியென்பது சரியாகச் சாப்பாட்டு மேசைக்கு மேலிருக்கும் மகளின் கலியாணப் படத்தடியில் வருகிறது. "படத்தை மறைக்காது, அக்கா" என்று மாமா சத்தியம் செய்வார். மாப்பிள்ளையின் பாதி மறையும்.

இவ்வளவு வரையில் மாமா ஒரு மேதை. இனி வருவது கேட்வேயுடனான போர்.

கம்பனி தந்த கேட்வேயும் ஒரு ரவுட்டர், மகன் தந்த மெஷ்ஷும் ஒரு ரவுட்டர். தொடர்மாடிக் கேற்றில் நிற்கும் செக்கியூரிற்றி பெயர் எழுதி உள்ளே விட்ட விருந்தாளியை, லிப்ட் வாசலில் நிற்கும் இன்னொருவர் மறுபடி மறித்துத் தன் கொப்பியில் எழுதுகிறார் என்று வையுங்கள். வீட்டுக்காரன் வெளியே போய் வருவதில் பெரிய தடையில்லை. வெளியிலிருந்து ஆளைத் தேடி வருபவன்தான் அலைவான். இரண்டு ரவுட்டர் ஒன்றன்பின் ஒன்றாக நின்று தனித்தனியே முகவரி பங்கிட்டாலும் அதுதான் நடக்கும். வட்ஸ்அப் ஓடும். பேரனின் விளையாட்டும், லண்டனிலிருந்து மகன் பார்க்க விரும்பும் வாசல் கமராவும் சறுக்கலாம்.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. மெஷ்ஷை அக்சஸ் பொயின்ட் முறைக்கு மாற்றி, கொப்பி எழுதும் வேலையைக் கேட்வேயிடமே விட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை. அல்லது கேட்வேயை பிரிட்ஜ் முறைக்குத் தள்ளி, முழு அதிகாரத்தையும் மெஷ்ஷுக்குக் கொடுக்கலாம். மாமா ஒருநாளும் முதலாவதைத் தொடமாட்டார். "அது பயந்தவன் செய்யிற வேலை" என்பார். குப்புறப் படுத்து, கேட்வேயின் அடியில் ஒட்டிய துண்டில் பாஸ்வேர்டை வாசித்து, 192.168.1.1 என்று அடித்து உள்ளே இறங்குவார். இறங்கியதும் பிரிட்ஜ். அடுத்த கணம் இணையம் போகும். ரிவிப் பெட்டியும் வீட்டுத் தொலைபேசியும் அதே கேட்வேயில் தொங்குவதால் அவற்றில் ஒன்று கூடவே போனாலும் போகும். இரவுச் செய்திக்கு உட்கார்ந்த அங்கிள் எழுந்து வந்து மாமாவைப் பார்க்கும் பார்வையை எழுத முடியாது.

புது ரவுட்டர் இணையத்தில் ஏறக் கம்பனி வைத்திருக்கும் பயனர் பெயர் வேண்டும். மாமா கம்பனிக்கு அடிப்பார். தமிழுக்கு இலக்கத்தை அமத்துவார், இசை வரும். வெட்டிவிட்டு ஆங்கிலத்துக்கு அமத்துவார்; அதே இசை வரும். கடைசியில் சிங்களத்தில் ஒரு தங்கச்சி கிடைப்பாள். மாமா தன் வெள்ளவத்தைச் சிங்களத்தில் பிரிட்ஜ் முறையின் தத்துவத்தை விளக்கி முடிக்க, அவள் பொறுமையாக ஒரே கேள்வி கேட்பாள்: "மஹத்தயா, ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தீங்களா?" அப்போதுதான் சேஃப்டி பின் வெளியே வரும். பத்து விநாடி அழுத்தம், கேட்வே பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். மாமா தண்ணீர் குடித்துவிட்டு, பயந்தவன் செய்யிற வேலையைச் செய்வார். ஐந்து நிமிடம்.

பிறகு பதிவு. மெஷ்ஷின் செயலியில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் மாமா பெயர் எழுதுவார்: அங்கிள் போன், ஆன்ரி ரப், ரிவி, பேரன். "ஆர் எப்ப வந்தது, எப்ப போனது எல்லாம் இதில விழும், அக்கா." யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் குடியிருந்த ஆன்ரி சிரிக்காமல் சொல்லுவார்: "அப்ப பொலிஸ் பதிவு திரும்பவும் வந்திட்டுது எண்டு சொல்லும். லொட்ஜுக்காரனுக்கும் ஒரு கொப்பி குடுக்க வேணுமோ?" பிளைவூட்டுக்குப் பின்னால் காதால் கேட்டதை மாமா இப்போது கண்ணால் வாசிக்கிறார்; அவ்வளவுதான் வித்தியாசம்.

கொட்டாஞ்சேனையில் மாமாவின் அதிகாரம் செல்லாது. மச்சாளின் வீடு ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வீடு. முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம், சுவர் ஒவ்வொன்றும் கொழுத்தது. மாமா மூன்று பெட்டியும் வைத்துப் பார்த்தார். முதலாவது பேசியது இரண்டாவதுக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் கடையில் வேலை செய்பவன்.

"அங்கிள், இதுக்கு எதுக்கு இவ்ளோ பாடு? ஒரு வயர் இழுத்தா முடிஞ்சிச்சு."

"வயர்லெஸ்ஸுக்கு வயரோ?" என்று மாமா கேட்ட கேள்வியில் முப்பது வருட அனுபவமும் இருந்தது. தம்பி வாதாடவில்லை. வென்டிலேட்டர் வழியாக ஒரு லான் கேபிளை விட்டு, ஓட்டுக்கடியால் இழுத்து, கடைசிப் பெட்டியில் செருகினான். அந்தக் கேபிளுக்கு 100 மீற்றர் வரை சுவரும் தெரியாது, அலுமாரியும் தெரியாது. குசினியில் லண்டன் மகன் மயிர் மயிராகத் தெரிந்தார். மாமா கொஞ்சநேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் அவர் குரல் கேட்டது: "இதுக்குப் பேர் வயர்ட் பேக்ஹோல், அக்கா. நான் கொட்டாஞ்சேனையில செய்து பாத்து வெற்றி கண்ட முறை."

மாமாவுக்குக் கூலி கிடையாது. இஞ்சி போட்ட பிளேன்ரீயும், கதைப்பதற்கு ஒரு காதும் போதும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் தொடங்கியதிலிருந்து மொட்டை மாடித் திறப்பைத் தன்னிடம் தரும்படி நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதிவருகிறார். குழு இன்னும் தண்ணித் தாங்கிப் பிரச்சினையை முடிக்கவில்லை.

அவரைப் பரிகசிப்பது சுகம். ஆனால் அந்தத் தொடர்மாடியில் எல்லாக் கதவுகளும் திறப்பது அவர் ஒருவருக்குத்தான். பிள்ளைகள் மூன்று கண்டத்தில் இருக்கும் வீடுகளில் இரவு எட்டு மணிக்கு ஒரு முகம் உடையாமல் தெரிகிறதென்றால், அதற்குப் பின்னால் குப்புறப் படுத்த ஒரு மனிதர் இருக்கிறார். எந்தக் கம்பனியின் பொதியிலும் அந்தச் சேவை சேராது.

ஆகவே உங்கள் மாடியிலும் ஒரு மாமா இருந்தால் கூப்பிடுங்கள். கேட்வேயை வீட்டின் நடுப்பக்கம் நகர்த்தித் தரச் சொல்லுங்கள். இரண்டு ரவுட்டரில் ஒன்றின் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். முடிந்த இடத்தில் வயர் இழுக்கச் சொல்லுங்கள். அதை அவரே கண்டுபிடித்ததாக ஒப்புக்கொள்ளுங்கள். போகுமுன் பாஸ்வேர்டை மட்டும் மறக்காமல் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மாமாவுக்குக் கனடா சூப்பர் விசா வந்துவிட்டது. அவர் அங்கே பின்னேரம் நாலரைக்குச் செயலியைத் திறந்து உங்கள் ரவுட்டரைத் திருத்தத் தொடங்கினால், இங்கே அதிகாலை இரண்டு மணி.