எதுக்கும் இருக்கட்டும்

எங்கள் வீட்டுப் பரணில் ஓடாத மேசை விசிறி ஒன்று, மூடி தொலைந்த பிஸ்கட் டின் மூன்று, கால் முறிந்த நாற்காலி ஒன்று, என்னுடைய மேல்நிலைக் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்றி வைத்தவர் அப்பா. எதற்கு என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எதுக்கும் இருக்கட்டும்லே."

1991-இல் பத்தாம் வகுப்பு முடித்த என்னை முதல் குரூப்பில் சேர்த்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

கோவில்பட்டியில் அந்த மே மாதம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் மார்க்கைக் கேட்டார்கள், அடுத்த மூச்சில் குரூப்பைக் கேட்டார்கள். ஆளின் ரத்த குரூப்பை விபத்து நடந்தால்தான் கேட்பார்கள். இந்தக் குரூப்பைப் பால்காரர்கூடக் கேட்பார். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் சேர்ந்தால் முதல் குரூப். இப்போது பயோ-மேத்ஸ் என்கிறார்கள். கணக்கைக் கழற்றிவிட்டுத் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியாக வைத்தால் ப்யூர் சயின்ஸ். உயிரியலைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை மாட்டினால் இன்ஜினியர் ஜாதகம். வணிகவியலுக்கு மூன்றாவது குரூப் என்று பெயர். எனக்கு ஒரு வருடம் மூத்த அக்காவை அதில்தான் போட்டிருந்தார்கள். அவளுக்கு என்னைவிட முப்பது மார்க் அதிகம். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

என் விஷயத்தில் ஆலோசகர் தாய்மாமா. ஒரு கிளினிக்கில் கம்பவுண்டர். வெள்ளை பாட்டிலில் சிவப்பு மிக்சர் ஊற்றித் தருகிறவர் என்பதால் மருத்துவக் கல்வி பற்றி எங்கள் சொந்தத்தில் அவர் வாக்குதான் செல்லும்.

"அத்தான், பயாலஜி டாக்டருக்கு. கணக்கு இன்ஜினியருக்கு. ரெண்டையும் எடுத்துட்டா ரெண்டுல ஒண்ணு அடிச்சிரும்லா?"

அப்பா தபால் ஆபீஸில் எழுத்தர். ஒரே ஸ்டாம்பில் இரண்டு ஊருக்குக் கடிதம் போகாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் முதல் குரூப்புக்கு 400 மார்க் கேட்டார்கள். எனக்கு 396. தலைமையாசிரியர் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார். "நாலு மார்க்கு கொறையுதே?"

"அது சரித்திரத்துல போச்சு சார். சயின்ஸ்ல போகல."

அப்பா வாழ்நாளில் சொன்ன ஒரே சாமர்த்தியமான வாக்கியம் அது. இடம் கிடைத்தது.

அதன்பிறகு நடந்ததில் பாதி நாற்றம், பாதி மயக்கம். நாற்றம் வேதியியல் ஆய்வகத்தில்: ஹைட்ரஜன் சல்பைடு. உப்பைக் கண்டுபிடிக்கிற நாளில் சட்டையில் அழுகிய முட்டை வாடையோடு பஸ் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். மயக்கம் விலங்கியல் ஆய்வகத்தில். மெழுகுத் தட்டில் தவளையை மல்லாக்கக் கிடத்தி, நாலு காலிலும் குண்டூசி குத்தி, நெஞ்சைத் திறந்தால் உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருக்கும். மொச்சைக்கொட்டை அளவுதான். தவளைக்கு நினைவு இல்லை, ஆனால் இதயத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்கு வேலை செய்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் எனக்கு ஞாபகம் இருப்பது லேப் அட்டெண்டர் குரல்தான்: "தவளைக்கு ஒண்ணுமில்ல. தம்பிக்குத் தண்ணி குடுங்க."

ஆகவே ரெக்கார்டு நோட்டில் படங்களை வரைந்தது அக்கா. டெபிட், கிரெடிட் எழுதி முடித்த கையோடு ஹெச்.பி. பென்சிலை பிளேடால் சீவிக்கொண்டு உட்காருவாள். மண்புழு, கரப்பான், தவளை. தவளை இதயத்துக்கு ஆரிக்கிள் ரெண்டு, வென்ட்ரிக்கிள் ஒண்ணு என்று முணுமுணுத்தபடி கோடு இழுத்துப் பேர் எழுதுவாள். செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் நோட்டை ஒவ்வொரு பக்கமாக ரசித்துப் புரட்டினார். பிறகு கேட்டார்: "தவளை இதயத்துல எத்தனை அறை?"

"நாலு சார்."

அவர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு அழகா வரைஞ்சிருக்கியே, வரையும்போது எண்ணலியா?"

1993-இல் பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். எனக்கு வந்த எண்ணுக்கும் மருத்துவக் கல்லூரி கேட்ட எண்ணுக்கும் நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்டே கட்டலாம். இன்ஜினியரிங்குக்கும் அப்படித்தான்: நான் கணக்குப் படிக்கிற நேரத்தில் பயாலஜி நினைவு, பயாலஜி படிக்கிற நேரத்தில் கணக்குப் பயம். இரண்டில் ஒன்று அடிக்கும் என்ற மாமா ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டார். இரண்டும் சேர்ந்து நம்மையும் அடிக்கும்.

பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தேன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஆனேன். இன்றைக்கு நான் ஒரு நாளைக்குப் பத்து டாக்டரைப் பார்க்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. டை கட்டிக்கொண்டு, தோல் பையோடு, நோயாளிகள் நடுவில் காத்திருந்து, வரிசையில் வராமல் நான் உள்ளே நுழையும்போது அத்தனை பேரும் முறைப்பார்கள். டாக்டர்களில் இரண்டு பேர் என்னோடு முதல் குரூப்பில் படித்தவர்கள். அதில் ஒருவன் தவளைக்கு நான் மயங்கிய கதையை நர்ஸிடம் சொல்லாமல் என்னிடம் சாம்பிள் வாங்கியதில்லை.

போன வருடம், 2025 மே மாதம், என் மகளுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. மார்க் நன்றாகவே இருந்தது. "டாக்டருக்குப் படிக்கப் போறேன், ப்யூர் சயின்ஸ் எடுக்கேன்" என்றாள்.

வீட்டில் யாரோ இறந்தது மாதிரி அமைதி.

"கணக்கு?" என்றேன்.

"டாக்டருக்குக் கணக்கு எதுக்குப்பா?"

நியாயமான கேள்வி. நீட் தேர்வில் கணிதம் என்று ஒரு பகுதியே கிடையாது. 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். அதில் 90 கேள்வி உயிரியல். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆளுக்கு 45. சரியான விடைக்கு நாலு மார்க் கொடுப்பார்கள், தப்பான விடைக்கு ஒன்றைப் பிடுங்குவார்கள். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எழுதிய நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006-இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. அப்புறம் பத்து வருடம் பிளஸ் டூ மார்க்கே போதும் என்றிருந்தது. 2017-இலிருந்து நீட். இதற்கு நடுவில் நான் மட்டும் இன்னும் 1993-லேயே, ஒரு பஸ் ஸ்டாண்ட் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. தொழில்முறையில் விசாரித்தேன். வயிற்றுப்புண் மாத்திரை பற்றிச் சொல்லி முடித்ததும், "சார், ஒரு சந்தேகம், நீங்க படிச்ச கணக்கு உங்களுக்கு உபயோகப்பட்டுச்சா?" என்று பத்து டாக்டர்களிடம் கேட்டேன். குழந்தை மருத்துவர் மட்டும் யோசித்தார். "பிள்ளையோட எடைக்குத் தக்கன மருந்து கணக்குப் போடணும். கிலோவுக்கு இவ்வளவு மில்லிகிராம். அது அஞ்சாம் கிளாஸ் பெருக்கல்." எலும்பு மருத்துவர், "பில்டிங் லோனுக்கு உதவுச்சு" என்றார். என்னோடு படித்தவன் நர்ஸைக் கூப்பிட்டான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று இரவு குடும்பக் கூட்டம். மனைவி, அப்பா, போனில் மாமா.

"கணக்கை விட்டா இன்ஜினியரிங் கதவு அடைச்சிரும்" என்றார் மாமா. எண்பது வயதிலும் அதே குரல். "டாக்டர் கெடைக்கலேன்னா என்னம்மா செய்வே?"

"கால்நடை மருத்துவம் போவேன் தாத்தா. நம்ம மாநிலக் கவுன்சலிங்குல அதுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்குதான்."

"அதுவும் கெடைக்கலேன்னா?"

"பாட்டனி படிப்பேன். டாக்டர் கெடைக்காதவங்க எல்லாம் இன்ஜினியர் ஆகணும்னு யாரு சொன்னா?"

போனில் சற்று நேரம் சத்தமில்லை. சொன்னது யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்றை நான் மாமாவிடம் வேண்டுமென்றே மறைத்தேன். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு விட்டது: பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்களும் பிற்பாடு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று. மாமாவுக்கு இது தெரிந்தால், "அப்ப எதுக்கும் கம்ப்யூட்டர் குரூப்பு எடுத்து வைப்போம்" என்று ஆரம்பித்துவிடுவார்.

ப்யூர் சயின்ஸ் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. இருக்கிற பள்ளியிலும், "பயோ-மேத்ஸ்ல எடம் இருக்கு சார், பொண்ணு நல்ல மார்க்கு, எதுக்கும் கணக்கையும் வெச்சுக்கட்டுமே" என்று அலுவலக அறையில் சொன்னார்கள். அப்பாவின் வாக்கியம் அப்பா இல்லாமலே வந்து உட்கார்ந்திருந்தது. நான் "வேண்டாம் மேடம்" என்றேன். சொல்லும்போது கை லேசாக நடுங்கியதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஓட்டைக் குடையையும் தூக்கிப் போடாத பரம்பரை.

ஆகஸ்டில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே இனி இல்லை என்று அரசு அறிவித்தது. 2018-இல் வந்த தேர்வு. பிள்ளைகள் பட்டாசு வெடிக்காத குறை. எனக்குத்தான் பக்கென்றது. அந்தத் தேர்வு வருவதற்கு முன்னால் பல பள்ளிகளில் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும்: பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்காமலே ஓரம் கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே அரைப்பார்கள். நீட்டில் ஏறக்குறைய பாதிக் கேள்வி பதினொன்றாம் வகுப்பிலிருந்து வருகிறது. டாக்டர் கனவோடு பிள்ளையைச் சேர்க்கிறவர்கள், எந்த குரூப் என்று கேட்பதற்கு முன்னால், "பிளஸ் ஒன் பாடத்தை நடத்துவீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நான் கேட்டேன். நடத்துகிறார்கள்.

நடத்தியதில்தான் ஒரு வில்லங்கம் வந்தது. ஒரு நாள் மகள் இயற்பியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, இரண்டாவது பாடத்துலயே டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன் எல்லாம் வருதுப்பா. பயோ-மேத்ஸ் பிள்ளைங்களுக்குக் கணக்கு கிளாஸ்ல நடத்துவாங்களாம். எங்களுக்கு யாரு நடத்துவா?"

வாசல் வழியாக அனுப்பிவைத்த கணக்கு, கொல்லைப்புறம் வழியாக வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தது. நீட்டில் பயாலஜி மனப்பாடத்தில் ஓடிவிடும், பிள்ளைகளைக் கவிழ்ப்பது இயற்பியல்தான் என்று என் டாக்டர்கள் அத்தனை பேரும் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் உறைத்தது. கணக்கைப் பாடமாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் தெரியாமல் இருக்க முடியாது. டாக்டருக்குக் கணக்கு எதற்கு என்று மே மாதம் கேட்டவள் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"பரண்ல இருக்கு. எடு."

ஏணி போட்டு ஏறினேன். பிஸ்கட் டின்னுக்குப் பின்னால், பழுப்பேறி, ஓரமெல்லாம் பூச்சி அரித்து, என் கணக்குப் புத்தகம். வகை நுண்கணிதம் முழுசாக இருந்தது. படிக்காத புத்தகம் கெடாது. பூச்சிகூட அந்தப் பக்கம் போகவில்லை. கீழே இறங்கும்போது அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. முப்பத்து நாலு வருடம் காத்திருந்த வெற்றி அது. அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

இப்போது பள்ளிகளில் தவளையை அறுப்பது கிடையாது. ஆனால் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் அதே மூன்று பேரும் இருக்கிறார்கள்: மண்புழு, கரப்பான், தவளை. கரப்பானின் விலங்கியல் பெயர் பெரிபிளானெட்டா அமெரிக்கானா. எங்கள் முதல் குரூப்பிலேயே அமெரிக்கப் பெயர் வாங்கியது அது ஒன்றுதான்.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். தீப்பெட்டிக் கம்பெனியில் இருபத்தைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறவள். மகள் தரையில் உட்கார்ந்து தவளை இதயம் வரைந்துகொண்டிருந்தாள்.

"நான் வரைஞ்சு தரட்டாம்மா?" என்றாள் அக்கா.

"வேண்டாம் அத்தை. நானே வரையணும்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து விரலை மட்டும் நீட்டினாள். "வென்ட்ரிக்கிள் இன்னுங் கொஞ்சம் கீழ வரணும்."

மகள் அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். நான் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கீழேதான் வர வேண்டும்.