அகத்தில் ஒரு ஸ்பீக்கர், புறத்தில் ஒரு ஸ்பீக்கர்: வீவக வீட்டு ஒலித்திணை ஆராய்ச்சி

அதிகம் செலவில்லாமல் வீட்டுக்குள்ளும் வெளியிலும் பாட்டுக் கேட்க என்ன வழி என்று சிங்கப்பூரில் ஒருவர் கேட்டால், கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துக் காட்டுவார்; ஆய்வாளர் தொல்காப்பியத்தை எடுத்துக் காட்டுவார். இக்கட்டுரையாளர் இரண்டாம் வகை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டில், சுருக்கமாக வீவக வீட்டில், கதவுக்கு உள்ளே இருப்பது அகம், வெளியே இருப்பது புறம். இது சொல்லாமலே விளங்கும். விளங்கியதை விரித்துச் சொல்லாவிட்டால் ஆராய்ச்சி ஆகாது என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதற்சான்று. தொல்காப்பியம் கருப்பொருள்களின் வரிசையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்திருக்கிறது. நிலந்தோறும் வேறு பறை, வேறு யாழ் என்று உரைகாரர்கள் பிரித்தும் காட்டினார்கள். ஆக, ஹாலுக்கு ஒரு ஸ்பீக்கர், அடுப்படிக்கு ஒன்று, தாழ்வாரத்துக்கு ஒன்று என்ற ஏற்பாட்டைத் தமிழன் அன்றே கண்டுவிட்டான். பழைய ஏடுகளில் ஆகாய விமானத்தையும் அணுவையும் கண்டெடுத்த அறிஞர்கள் இதை எப்படிக் கோட்டைவிட்டார்கள் என்றுதான் தெரியவில்லை. மின்சாரம் பற்றி அந்நூலில் பேச்சே இல்லையே என்பாருக்கு மறுப்பு: அந்தப் பகுதியைக் கரையான் தின்றிருக்கும்.

இனி அகம். படுக்கையறைக்கு இயர்போன். அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஹாலில் தரை டைல்ஸ், சுவர் காங்கிரீட். ஒலி பட்ட இடத்திலெல்லாம் எகிறும். ஒரு தடித்த திரையும் ஒரு பாயும் போட்டால் பாதிச் சிக்கல் தீரும் (கட்டுரையாளரின் மனைவி, நேர்ப்பேச்சு). 1997-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எழுந்த வீடுகளில் பாம் ஷெல்டர் என்றொரு அறையும் உண்டு. தடித்த காங்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டு வந்தால் ஒளியவும், வராதவரை அரிசி மூட்டையும் பழைய ஃபேனும் வைக்கவும் உதவுவது. அதற்குள் ரூட்டரையோ புளூடூத் கருவியையோ வைத்துக் கதவைச் சாத்தினால், அலைவரிசையும் குண்டுக்குப் பயந்ததுபோல் உள்ளேயே இருந்துகொள்ளும்.

அகத்திணை ஏழில் ஐந்தை விட்டுவிடலாம்; இரண்டு இன்றியமையாதவை. கைபேசி கூவிக் கூவி அழைக்க, ஸ்பீக்கர் பக்கத்து வீட்டுக் கைபேசியோடு இணைந்து கிடப்பது ஒருதலைக் காதலாகிய கைக்கிளை. பொருந்தாக் கூட்டமாகிய பெருந்திணை வயர் சம்பந்தப்பட்டது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகப் பூட்டினால் ஆம்ப்ளிஃபையர் காண்பது 4 ஓம். அதைத் தாங்காத மலிவு ஆம்ப்ளிஃபையர் சூடேறி அணைந்துவிடும். தொடராகப் பூட்டினால் 16 ஓம். சத்தம் குறையும், உயிர் மிஞ்சும். கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் வேறுபாடு புரியாமல் தவிக்கும் மாணவர்கள் சிம் லிம் டவருக்கு ஒரு நடை போய்வரலாம். வயரும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பழைய ஸ்பீக்கர் தேடிப் போக முன்பு சுங்கை ரோடு திருட்டுச் சந்தை இருந்தது. 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அதுவும் போயிற்று.

புறம் இரண்டு வகைப்படும். ஒன்று, மூங்கில் கழியில் துணி காயும் ஜன்னல் பக்கம். மேல்மாடித் துணி சொட்டும் என்பதால், எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் ஐபிஎக்ஸ்4 முத்திரையாவது வேண்டும். மற்றது பொதுத் தாழ்வாரம். அங்கே 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. ஆகவே ஸ்பீக்கருக்குக் கிடைப்பது செருப்பு ரேக்கின் மேல்தட்டு. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது இயற்பியல். தாழ்வாரம் திறந்தவெளி அல்ல, நீண்ட குழாய். இது எதிர்வீட்டு ஆச்சியின் கருத்து (வாய்மொழி, குப்பை போட வந்தபோது, இருமுறை).

புறத்தின் ஒலி அகத்துக்குள் போன வரலாறும் இவ்வூருக்கு உண்டு. 1970-களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டன. தொழுகை அழைப்பு வானொலியில் ஏறி வீட்டுக்குள் வந்தது. தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016-இல்தான் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. தாழ்வாரத்துக்கும் நேரம் குறித்திருக்கிறார்கள்: இரவு 10:30 முதல் காலை 7 வரை அமைதி. 2022-இல் ஓர் ஆலோசனைக் குழு அதை 10 முதல் 8 வரை நீட்டப் பரிந்துரைத்தது. ஆச்சியின் பரிந்துரை இன்னும் நீளமானது.

ஹாலில் வயர் ஸ்பீக்கர், வாசலில் புளூடூத் ஸ்பீக்கர் என்று வைத்தவர்கள் ஒரே பாட்டை இருமுறை கேட்டிருப்பார்கள். ஒலி ஒரு மீட்டர் நடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி. சாதாரணப் புளூடூத் 150 மில்லிவினாடி பிந்தும். அதாவது வாசல் ஸ்பீக்கர் ஐம்பது மீட்டர் தள்ளி அடுத்த புளோக்கில் பாடுவதற்குச் சமம். முப்பது மில்லிவினாடிக்குள் வரும் எதிரொலியைக் காது தனியாகப் பிரிக்காது என்ற உண்மை, ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஜெர்மனியில் முடித்த முனைவர் ஆய்வோடு சேர்த்துப் பேசப்படுவது. சிங்கப்பூரில் ரெடிஃபியூஷன் என்ற கம்பிவழி வானொலி தொடங்கியதும் 1949! சுவரில் ஒரு பெட்டி, ஒரு குமிழ், ஒரு கம்பி. பிந்துதல் அறவே இல்லை. இரண்டும் தற்செயல் என்று சொல்ல இக்கட்டுரையாளரின் மனம் ஒப்பவில்லை. இதைவிட மெல்லிய நூலில் முனைவர் பட்டங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்த வயரும் வேண்டாம், ஒரு வெள்ளியும் செலவாகக் கூடாது என்பாருக்கு உரியது டம்ளர். கைபேசியை எவர்சில்வர் டம்ளரில் தலைகீழாகப் போடுவதைத் தேக்கா கடைகளிலும் காணலாம், புளோக் அடித்தளத்திலும் காணலாம். இதில் புதிய ஆற்றல் எதுவும் பிறப்பதில்லை. சிதறும் ஒலி ஒரு பக்கமாகத் திரும்புகிறது, சில சுரங்கள் மட்டும் உப்புகின்றன. பத்து சென்டிமீட்டர் உயர டம்ளர் ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸைத் தூக்கிக் கொடுக்கும். நாதஸ்வரம் எழும், தவிலின் அடிநாதம் எழாது. செம்போ கழுத்து குறுகியது. 1863-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் நூலில் ஆராய்ந்த ஒத்ததிர்வுக் கலத்தின் குணம் அதில் உண்டு. அவர் செம்பைப் பார்த்திருந்தாரா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது (ஏழாம் மாடிக்காரர், மின்தூக்கியில் கூறியது, நான்காம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் இடையே, கதவு திறந்துவிட்டதால் முடிவுரை கிட்டவில்லை).

டம்ளர் மரபினரும் செம்பு மரபினரும் போக, மூன்றாவதாகப் பானைப் பள்ளியினர் இருக்கிறார்கள். பொங்கலுக்கு முன் கேம்பல் லேனில் விற்கும் மண்பானையை வாங்கி, வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினால் அடிநாதம் வீடு அதிரக் கேட்கும் என்பது இவர்கள் கொள்கை. ஊரில் அப்பா அப்படித்தான் கேட்டார் என்பது இவர்கள் காட்டும் ஒரே ஆதாரம் (தேக்கா ஈரச்சந்தையில் ஒருவரின் மைத்துனர், வஞ்சிரம் சுற்றிய தாளின் பின்பக்கம், இடமிருந்து மூன்றாம் வரி, வலது மூலை நனைந்தது, 'பானை' என்பதற்குப் 'பூனை' என்ற பாடமும் உண்டு). பூனைப் பாடத்தை ஏற்போர் சிலர். அவர்களுக்கென்று தனி மாநாடு நடத்தினால், பதினைந்து நிமிடம் பெற்றவர் ஐம்பது நிமிடம் பேசி, நேரமின்மையால் சுருக்கிக்கொள்வதாகச் சொல்லி இறங்குவார்.

களஆய்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஒலி 96.8 வானொலி பாடிக்கொண்டிருந்தது, கைபேசி டம்ளரில், டம்ளர் செருப்பு ரேக்கில், ஆய்வாளர் நோட்டும் பேனாவுமாகத் தாழ்வாரத்தின் கோடியில். மாலை நான்கு மணிக்கு டம்ளர் காப்பிக்காகத் திரும்பப் பெறப்பட்டது. காப்பி ஊற்றும்போது உள்ளே கைபேசி இருந்ததா என்பதில் உரைகாரர்கள் வேறுபடுகிறார்கள்.