ஆறாம் அறிவுப் பழுது: கிழட்டுக் கார்த் திருத்தத்தில் முந்துரிமை பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

வயதான கார் ஒன்றில் எந்த நேரமும் பதினேழு பழுது இருக்கும். உரிமையாளர் கையில் ஒரு பழுதுக்கான காசு இருக்கும். எதை முதலில் திருத்துவது? யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் இந்தக் கேள்விக்கு நாள்தோறும் விடை சொல்கிறார்கள். ஆயினும் எவரும் அதை ஆய்வேடாக்கிக் கலாநிதிப் பட்டம் வாங்கவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஐயா எனக்கு விட்டுச்சென்ற, 948 சீசீ எஞ்சின் பூட்டிய மொறிஸ் மைனர் 1000. மாதிரி அளவு ஒன்று. அது போதாது என்பவர்கள் ஒரு மொறிஸ் மைனரையாவது வைத்துப் பார்த்திருக்கவில்லை என்பது தெளிவு. ஆய்வு முறைகள் மூன்று: நின்று பார்த்தல், கீழே கிடந்து பார்த்தல், தள்ளிப் பார்த்தல். மூன்றாவதில்தான் தரவுகள் அதிகம் கிடைத்தன.

2. வரலாற்றுப் பின்புலம்

மொறிஸ் மைனர் பிறக்கும் முன்பே திருத்தப்பட்ட கார். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கவிருந்த வேளையில் மாதிரிக் காரைப் பார்த்து, ஒடுக்கமாக இருக்கிறதென்று நெடுக்காக இரண்டாக வெட்டுவித்து, நடுவில் நான்கு அங்குலம் இடைவெளி விட்டு ஒட்டச் சொன்னார். அதன் தழும்புதான் பொனற்றின் நடுவே ஓடும் தட்டைப் பட்டி. கார் 1948இல் வெளிவந்தது. பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் காராகி, 1971இல் நின்றது. கருவிலேயே வெட்டி ஒட்டப்பட்ட ஒன்று வாழ்நாள் முழுவதும் வெட்டி ஒட்டப்படுவதில் வியப்பில்லை.

3. பழுதுகளின் வகைப்பாடு

பழுதுகளை எஞ்சின், கியர், மின்சாரம் என்று பிரிப்பது வெள்ளைக்காரர் கைநூலின் வழக்கம். தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தார். பழுதுகளையும், அவற்றை நமக்கு உணர்த்தும் அறிவைக்கொண்டு அவ்வாறே வகுப்பது தகும்.

மெய்யறியும் பழுது: இருக்கைக் கம்பிச் சுருள் துணியைக் கிழித்து வெளியே வருவது. முந்துரிமை பெறும்; எனினும், முதலில் மேலே ஒரு தலையணை போடப்படும்.

வாயறியும் பழுது: இது நம் வாயன்று, அயலவர் வாய். “இன்னும் உந்தக் கார் ஓடுதோ?” என்று ஒருவர் கேட்டால் அந்த வாரமே ஏதாவதொன்று திருத்தப்படும். எது என்பது முக்கியமன்று.

மூக்கறியும் பழுது: பெற்றோல் மணம், வயர் எரியும் மணம். மூக்கு விரைவில் பழகிப்போவதால் நான்காம் நாளில் இப்பழுது தானாகவே தீர்ந்துவிடுகிறது.

கண்ணறியும் பழுது: பெயின்ற், பம்பர், நிக்கல் பூச்சு. கல்யாண வீடு வந்தால் இவை மற்றெல்லாவற்றையும் தாண்டிப் பாயும். மாப்பிள்ளை ஏறும் கார் நிற்குமா என்று எவரும் கேட்பதில்லை. மின்னுமா என்றே கேட்பார்கள்.

செவியறியும் பழுது: வகைகளுள் தலைசிறந்தது. சைலன்சரில் ஓட்டை விழுந்தால் அன்றே கராச்சுக்குப் போகும். இதில் ஒரு புறனடை உண்டு. இந்தக் காரின் மின்சாரப் பெற்றோல் பம்ப், சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக் டிக்’ என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் அடங்கவேண்டும். தொடக்கத்திலேயே மௌனமாக இருந்தால்தான் பழுது. உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகியிருக்கும். அவற்றை உரசித் துப்புரவாக்குவதே முறை. நடைமுறையில் சாவிக்குறட்டால் பம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள்; அது மறுபடி டிக் டிக் என்னும். கதவுத் தூணிலிருந்து கை நீட்டித் திரும்பும் திசை காட்டும் சிறு செம்மஞ்சள் கம்பிக்கும் இதே வைத்தியம்: தூணில் ஒரு குத்து. குத்தினால் சரியாகும் பழுது பழுதாகக் கணக்கிடப்படுவதில்லை.

ஆறாவது, மனத்தால் மட்டுமே அறியக்கூடிய பழுது. இது உறுத்தாது, மணக்காது, தெரியாது, கேளாது. நினைத்துப் பார்த்தால் மட்டுமே உண்டு.

4. எதிர்விகித விதி

ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுவே: ஒரு பழுது எழுப்பும் ஆரவாரமும் அது செய்யவல்ல சேதமும் எதிர்விகிதத்தில் அமையும்.

சான்று ஒன்று, பிறேக். இந்தக் காரில் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் எண்ணெய் போவது ஒரே வழியால். ஒரு சில்லின் சிலிண்டரில் உள்ள றப்பர் கிண்ணம் கிழிந்தால் நான்கும் போகும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைத் துருவாக்கும். துரு றப்பரைத் தின்னும். இவ்வளவு நடக்கும்வரை பெடல் கல்லுப்போல இருக்கும். எண்ணெய் மட்டம் பார்க்கும் மூடியோ சாரதியின் காலடியில், கம்பளத்தின் கீழ் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கும் பழக்கம் நமக்குச் சில்லறை தொலைந்தால் மட்டுமே வரும்.

சான்று இரண்டு, துரு. புதுப் பெயின்றின் கீழ் அது மரியாதையாக இருக்கும். கீழே கிடந்து, ஜாக் வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ ட்றைவர் நுனியால் குத்திப் பார்க்கவேண்டும். நல்ல இரும்பு ‘டங்’ என்னும். கெட்ட இரும்பு, தேநீரில் தோய்த்த பிஸ்கற்றைப்போல ஒன்றும் சொல்லாது. நுனி உள்ளே போய்விடும். என் காரில் பிடிவரை போனது.

தகடு கிடைக்காது என்ற சாட்டும் இங்கு செல்லாது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், இக்காரின் பாகங்களை அடிக்கும் தொழிற்சாலையை நம் நாட்டிலேயே தொடங்கினார். அங்கிருந்து பாகங்கள் கப்பலேறிப் பிறந்த ஊருக்கே போயின. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கினால் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்துவிடும். வராதது நம் எண்ணம்தான்.

5. மண்ணெண்ணெய்க் காலம்

1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டில் முந்துரிமைப் பட்டியல் தலைகீழானது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் காத்துவைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, முன்னால் கம்பி போட்டுச் சுற்றி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். செல்ஃப் மோட்டர் அலங்காரப் பொருளானது. ஐயா பத்திரமாக வைத்திருந்த சுற்றுகம்பி வீட்டின் முதன்மைச் சொத்தானது.

அக்காலத்திலும் எமது விதி பொய்க்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே ஒழுகி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திருக்காது, கூடியிருக்கும். “எங்கட கார் ஒயிலே குடிக்காது” என்று ஐயா ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். எஞ்சினின் தாங்கிகள் தண்ணீராய்ப்போன அந்த ஒயிலில் தேய்ந்துகொண்டிருந்தன. ஆறாம் அறிவுப் பழுது சில வேளைகளில் வரப்பிரசாதமாகவும் வேடம் போடும்.

6. நல்லூர்ச் சான்று

மொறிஸ் மைனரின் முன்சில்லைத் தாங்குவது ட்ரனியன் என்ற மரைபோட்ட உறுப்பு. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அதற்குக் கிறீஸ் அடிக்கவேண்டும். அடிக்காவிட்டால் மரை சத்தமின்றித் தேய்ந்து, பெரும்பாலும் மெதுவாக ஓடும்போது, ஸ்ரேறிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும் தருணத்தில் கழன்றுவிடும்.

கடந்த நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் வாரம் கையிலிருந்த காசில் காருக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தேன். திருவிழாவுக்குப் போனபோது வீதித் தடையருகே மறித்து, திரும்பிப் போகச் சொன்னார்கள். ஸ்ரேறிங்கை ஒடித்தேன். ‘சடக்’. இடது முன்சில்லு வெளிப்பக்கம் மடிய, கார் கோபுரத்தை நோக்கி மண்டியிட்டது. புதுப் பெயின்ற் வெயிலில் பளபளத்தது. ஒரு ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “பாருங்கோ, காரும் கும்பிடுது” என்றார்.

கராச்சுக்காரர் வந்து குந்தியிருந்து பார்த்தார்.

“தம்பி, ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்கச் சொன்னனான் எல்லே?”

“இன்னும் ஆயிரம் மைல் ஓடேல்லை அண்ணை.”

அவர் எட்டி மைல்மானியைப் பார்த்தார். அதன் கேபிள் அறுந்து எத்தனை வருடம் என்பது எனக்கே தெரியாது. இலக்கங்கள் 72,418இல் நின்றன. சத்தமில்லாமல் அறுந்த கேபிளை ஒருவரும் பழுது என்று சொல்லவில்லை. நான் பொய் சொல்லவும் இல்லை. அந்த மானியின்படி நான் வீட்டைவிட்டுப் புறப்படவே இல்லை.

“ஓடாட்டித் தள்ளுறதுக்கு நாலு பேர் வருவினம்,” என்றார் அவர், சில்லைத் தூக்கியபடி. “நிக்காட்டி ஆர் வருவினம்?”

7. முடிவுரை

பல நூறு மணிநேரக் கிடந்து பார்த்தலுக்குப் பின் இவ்வாய்வு வந்தடைந்த முந்துரிமை வரிசை அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது: முதலில் நிற்பது, பிறகு திரும்புவது, பிறகு உடையாமல் இருப்பது, பிறகு ஓடுவது, கடைசியில் மின்னுவது. கலாநிதிப் பட்டம் அவருக்குரியது. அவர் கூலியாக வாங்கியது இரண்டு ட்ரனியனுக்கான காசு மட்டுமே.

மைல்மானிக் கேபிளையும் பூட்டித் தரும்படி கேட்டேன். அது அவசரமில்லை என்றார்.

“நல்லூர் கொடியேறேக்க ஒருக்கா, தைப்பொங்கலுக்கு ஒருக்கா கிறீஸ் அடியும். முருகன் மறக்க விடமாட்டார்.”