கடற்கோட்டை முற்றுகை

எங்கள் அத்தானைப் பற்றி எழுதினால் ரொறன்ரோவில் குறைந்தது நூறு அத்தான்மார், "இவன் என்னைத்தான் எழுதியிருக்கிறான்" என்று கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

பயணம் ஆடி மாதக் கடைசியில். பிளான் மாசியிலேயே வந்துவிட்டது. அங்கே பனி கொட்டுகிற ஒரு மாலை ஐந்தரைக்கு அத்தான் தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாணத்தில் அப்போது விடியப்புறம் நாலு மணி.

"கடற்கோட்டைக்குப் பதின்மூண்டு பேர் போறம். உங்கட பெரியம்மாவையும் போட்டிருக்கிறன், அடைப்புக்குறிக்குள்ள."

எக்செல் தாள் பின்னால் வந்தது. பெயர், வயது, தொப்பி அளவு, 'வாந்தி வருமா' என்று நாலு நிரல். பெரியம்மாவுக்கு நேரே 'ஆம்'.

கடற்கோட்டை என்று நாங்கள் சொல்வது, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் எண்கோணமாகக் குந்தியிருக்கும் ஹமென்ஹீல். போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் குடிதண்ணீர் இல்லாமல் போனதுதான் கதையை முடித்தது. சுற்றிவரக் கடல் இருந்தும் நாவறண்டு சரணடைந்தவர்களின் துயரம் அத்தானை ஆழமாகத் தாக்கியிருக்க வேண்டும். ஆளுக்கு நாலு போத்தல் தண்ணீர் என்று போட்டிருந்தார். ஐம்பத்திரண்டு போத்தல்.

"ஏன் அத்தான், ஒரு மத்தியானத்துக்கு?"

"போர்த்துக்கேயனும் இப்பிடித்தான் நினைச்சிருப்பான்."

அடுத்தது பெயரால் வந்த வினை. ஒல்லாந்தருக்கு இலங்கைப் படம் உப்பிட்ட பன்றித்தொடை மாதிரித் தெரிந்ததாம். கோட்டை இருப்பது அதன் குதிக்கால் பக்கம். ஹமென்ஹீல் என்றால் அதுதான் பொருள். இதைச் சும்மா வைத்திருக்கலாம். அத்தான் குடும்ப வாட்ஸ்அப்பில் விளக்கப்படத்தோடு போட்டார். பெரியம்மா குரல்பதிவு அனுப்பினா:

"நல்லூர்க் கொடி ஏறினால் இருபத்தைஞ்சு நாளும் இந்த வீட்டில மீன் மணம் இல்லை. பண்டிக் குதிக்கால் பாக்க நான் வாறனோ?"

ஆகவே கொடியேற்றத்துக்கு முதல் நாள் என்று முடிவாகி, தாள் முழுக்க மாறியது. நான் காரைநகர் வரிசையில் 'ஈழத்துச் சிதம்பரம்' என்று கோயில் பெயர் ஒன்றைச் சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் பெரியம்மா சேலையை எடுத்து வைத்தா.

தங்குவதா இல்லையா என்பதில் மட்டும் பங்குனி முழுதும் போனது. ஒருகாலம் சிறையாக இருந்த கோட்டை அது. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு ஜே.வி.பி.காரரை அங்கே அடைத்து வைத்தார்கள். இப்போது கடற்படை நடத்தும் விடுதி. அம்மா ஒரே வசனத்தில் அந்த நிரலை அழித்தா: "மறியல் வீட்டில காசு குடுத்துப் படுக்கிறதோ?"

இவ்வளவு செய்த மனிதர் ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை: எந்தக் கரையால் போவது? அதற்குக் கூகிள் வரைபடம் இருக்கிறதே! அன்று காலை வான் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை தாண்டி, ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் போய் நின்றது. எதிரே கோட்டை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். அத்தான் மணிக்கூட்டைப் பார்த்தார். தாளில் போட்டதற்கு நாலு நிமிடம் முந்தி. அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அக்காவின் கலியாணத்திலும் காணவில்லை.

சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"கோட்டைக்கோ அண்ணை? அது அங்காலை, காரைநகரால எல்லோ போறது."

வானைப் பொன்னாலைப் பக்கமாகச் சுற்றிவரச் சொல்லிவிட்டு நாங்கள் பாதையில் ஏறினோம். பாதை என்றால் நடக்கிற பாதை அல்ல. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டு கரைக்கும் இடையில் மிதந்து போகும் தட்டையான படகுக்கு ஊரில் அதுதான் பெயர். அத்தானின் தாளில் அதற்கு வரிசையே இல்லை. நடுக்கடலில் கோட்டை மெல்லத் திரும்பித் தன் மற்றப் பக்கத்தைக் காட்டியது. பிள்ளைகள் கசூரினாக் கடற்கரையில் குளிக்க வேண்டும் என்று அழத் தொடங்கினார்கள். அக்கா கையால் வெயிலை மறைத்துப் பார்த்தா.

"உதுக்கோ ஆறு மாசம்?"

அத்தான் பதில் சொல்லவில்லை. வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிழல் தேடும்போது பெரியம்மா மட்டும் மீன்காரரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு, காற்றில் சேலைத் தலைப்பு பறக்க, முன்பக்கம் நின்றா.

சிதம்பரத்தில் கும்பிட்டு, கசூரினாவில் குளித்து, நாற்பத்தொரு போத்தல் தண்ணீரோடு வீடு வந்தோம். நடுச்சாமம் தொலைபேசி மின்னியது. அடுத்த வருடத் தாள். 'பாதை' என்று புதிதாக ஒரு வரிசை. கீழே பெரியம்மாவின் பெயர். வாந்தி நிரலில் 'இல்லை'. அடைப்புக்குறியையும் எடுத்திருந்தார்.