பெரிய ரீஃபண்ட் இலாபமா, நட்டமா என்னும் விசாரணை

வருமான வரி ரீஃபண்ட் என்பது, ஒருவர் கட்ட வேண்டியதற்கு மேல் கட்டிவிட்ட வரியை அரசு கணக்குப் பார்த்து அவருடைய வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்பும் தொகை. அது வரும் நாளில் பெறுபவரின் முகம், யாரோ கொடுத்த பணம் கிடைத்தாற்போல் மலர்கிறது. வந்திருப்பது அவருடைய பணமேதான். இவ்விசாரணையின் அடிப்படைப் புதிர் இதுவே.

எவ்வளவு வந்தால் ரீஃபண்ட் பெரியது ஆகும் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இதற்கு நேராக விடை சொல்லவில்லை. ஆனால் அதன் 244ஏ பிரிவிலிருந்து ஒன்றை வருவிக்கலாம். முடிவான வரியில் 10 சதவீதத்துக்குக் குறைந்த ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது என்கிறது அப்பிரிவு. ஆண்டு வரி 2,00,000 ரூபாய் என்றால், 19,000 ரூபாய் வட்டிக்குத் தகுதியற்ற சிறு தொகை. 20,000 ரூபாய் தகுதியுள்ள பெருந்தொகை. (2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் பழையதன் இடத்துக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. முந்தைய ஆண்டுகளின் வழக்குகள் பழைய எண்களிலேயே பேசப்படும். ஆடிட்டர்களின் நாவும் பழைய எண்களிலேயே சில காலம் புரளும்.) மக்கள் வழக்கில் உள்ள அளவுகோல் வேறு. வீட்டில் சொல்லத் தோன்றும் ரீஃபண்ட் சிறியது. சொல்லாமல் வைத்துக்கொள்ளத் தோன்றுவது பெரியது. இது சட்டத்தின் அளவுகோலைவிட நுட்பமானது. ஆனால் வங்கியின் குறுஞ்செய்தி வரும் நேரத்தில் கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறக்கூடும்.

இந்தியாவில் வருமான வரியைத் தொடங்கி வைத்தவர் ஜேம்ஸ் வில்சன். 1860 ஜூலையில் சட்டம் வந்தது; ஆகஸ்டில் அவர் கல்கத்தாவில் காலமானார். ரீஃபண்ட் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அனுபவம் அவருக்கு வாய்க்கவில்லை.

பெரும்பாலான ரீஃபண்டுகள் ஜனவரி மாதத்தில் கருக்கொள்கின்றன. ஆண்டின் தொடக்கத்தில் அலுவலகம் டிக்ளரேஷன் கேட்கும். அப்போது எல்லாரும் தாராளமாக எழுதிக் கொடுப்பார்கள்: எல்ஐசி, பிபிஎஃப், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை. ஜனவரியில் ப்ரூஃப் கேட்கும். எல்ஐசி ரசீது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் விரித்த செய்தித்தாளுக்கும் அடியில் இருப்பது அப்போது நினைவுக்கு வராது. பள்ளி ரசீதில் கல்விக் கட்டணம் இவ்வளவு, வேன் கட்டணம் இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்காது. கழிவு முன்னதற்கு மட்டுமே உண்டு. வாடகை ஆண்டுக்கு 1,00,000 ரூபாயைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். உரிமையாளரோ வாடகையை ரொக்கமாகவே வாங்கிப் பழகியவர். அந்த எண்ணைக் கேட்டால் தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசத் தொடங்குவார். கெடு முடிந்ததும் சம்பளப் பிரிவு, கிடைக்காத ப்ரூஃபுக்கெல்லாம் சேர்த்து பிப்ரவரி, மார்ச் சம்பளங்களில் வரியைப் பிடித்துவிடும். ஜூலைக்குள் ரசீதுகள் எப்படியோ அகப்பட்டுவிட, ரிட்டர்னில் அவற்றைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்கிறார் ஊழியர்.

இக்கழிவுகளில் பெரும்பாலானவை பழைய வரிமுறைக்கே உரியவை. 2023-24 முதல் எதுவும் சொல்லாதவரைப் புதிய முறையில் சேர்த்துவிடுகிறார்கள். அவர் ரிட்டர்னில் பழைய முறைக்குத் தாவினால் அதிலிருந்தும் ரீஃபண்ட் பிறக்கலாம். வங்கி வைப்புகள் இன்னொரு பிறப்பிடம். மூத்த குடிமக்களின் வட்டி ஒரு வங்கியில் ஆண்டுக்கு 1,00,000 ரூபாயைத் தாண்டினால், மற்றவர்களுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படும். வரி கட்டவே தேவையில்லாத முதியவர் வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்து அதைத் தடுக்கலாம். ஏப்ரலில் வங்கிகளில் கயிறு கட்டிய பேனாவுக்கு வரிசை நிற்பது இதற்காகத்தான். துபாயிலிருந்து காரைக்குடி வங்கியின் என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்கில் வைப்பு போட்டவர் நிலை இன்னும் சிறப்பு: 1,00,000 ரூபாய் வட்டியில் 31,200 ரூபாயை வங்கி முதலிலேயே பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் போட்டு முழுத் தொகையையும் திரும்ப வாங்கலாம். ரிட்டர்ன் போடாதவர்களின் பங்கு தேசத்துக்கு.

இனி பூர்வபட்சம். பெரிய ரீஃபண்ட் பேதைமை என்போரை இங்கே இழப்புக் கட்சியார் எனலாம். ஆடிட்டர்களும், கைப்பேசியில் நிதி ஆலோசனை சொல்லும் இளைஞர்களும், மைத்துனரின் ரீஃபண்டைக் கேள்விப்பட்டவர்களும் இதில் அடங்குவர். அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டு அசலைத் திரும்ப வாங்கிக் கொண்டாடுவதா என்பது இவர்கள் வாதம். வாதம் கூர்மையானது. ஆனால் இழப்பு எவ்வளவு என்று கேட்டால் இக்கட்சியில் பெரும்பாலானோர் தொகை சொல்வதில்லை. ஆகவே கணக்கிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

மாதம் 5,000 ரூபாய் வீதம் ஓராண்டு கூடுதலாகப் பிடிக்கப்பட்டு, 60,000 ரூபாய் ரீஃபண்ட் வருவதாகக் கொள்க. அந்த 5,000 மாதந்தோறும் 6.5 சதவீத வட்டி தரும் ஓராண்டு ஆர்டியில் விழுந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டி ஏறத்தாழ 2,100 ரூபாய். 20 சதவீத அடுக்கில் இருப்பவர் அதற்கும் செஸ்ஸுடன் வரி கட்டியபின் மிஞ்சுவது சுமார் 1,700. பணம் சேமிப்புக் கணக்கிலேயே 2.5 சதவீதத்தில் கிடந்திருந்தால் வரிக்கு முன் 800 ரூபாய்தான். ஏப்ரல் 1 வந்தால் நிலைமை தலைகீழ். ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டவருக்கு அன்று முதல் ரீஃபண்ட் தரப்படும் மாதம் வரை, மாதத்துக்கு அரை சதவீதம் தனிவட்டியை அரசு தருகிறது. மாதத்தின் ஒரு நாளும் முழு மாதமாகக் கணக்கிடப்படும். ஆகஸ்டில் பணம் வந்தால் ஐந்து மாதத்துக்கு 1,500 ரூபாய். ஆண்டுக்கு 6 சதவீதம் என்பது அதே சேமிப்புக் கணக்கின் வட்டியைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஏப்ரலுக்கு முன் ஒன்றுமே தராத கடனாளி, ஏப்ரலுக்குப் பின் வங்கியைவிட நாணயமானவராக மாறிவிடுகிறார்.

இதிலிருந்து ஒரு சங்கடமான கிளைத்தேற்றம் பிறக்கிறது. இழப்பு ரீஃபண்டின் அளவைப் பொறுத்தது மட்டுமன்று, பிடிக்கப்பட்ட மாதத்தையும் பொறுத்தது. ரசீதுகளைத் தொலைத்து, 60,000 ரூபாயும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பாதி பாதியாகப் பிடிக்கப்பட்டவருக்கு, பிப்ரவரிப் பாதிக்கு ஒரு மாத வட்டியும் மார்ச் பாதிக்கு ஒரு நாள் வட்டியுமே நட்டம். கூட்டினால் 170 ரூபாய் தேறாது. பொறுப்பாக ஏப்ரலிலேயே கூடுதல் வரி பிடிக்கச் சொல்லி மாதந்தோறும் கட்டியவரின் நட்டம் அதைப்போல் பத்து மடங்கு. சோம்பலுக்கு ரீஃபண்ட் முறை தரும் இப்பரிசை இழப்புக் கட்சியார் தங்கள் பேச்சில் குறிப்பிடுவதில்லை.

எதிர்த்தரப்பை இன்பக் கட்சியார் எனலாம். மாதம் 5,000 கைக்கு வந்தால் அது ஆர்டிக்குப் போகும் என்று யார் சொன்னது என்பதே இவர்களின் ஒரே ஆட்சேபம், அதுவே போதுமானது. 2017இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், மனிதர்கள் பணத்தை ஒரே குவியலாகப் பார்ப்பதில்லை, மனத்துக்குள் தனித்தனிக் கணக்குகள் வைத்துக்கொள்கிறார்கள் என்று விரிவாக எழுதியவர். தமிழ்நாட்டுத் தெருக்களில் தீபாவளிச் சீட்டு நடத்துவோருக்கு இது முன்பே தெரியும். ஆண்டு முழுக்க மாதாமாதம் கட்டி, கடைசியில் கட்டிய பணத்துக்கு ஸ்வீட் பாக்ஸும் பட்டாசும் ஒரு எவர்சில்வர் பாத்திரமும் வாங்கிக்கொள்ளும் பெண்மணியிடம் வட்டி விகிதம் பேசினால் அவர் சிரிப்பார். பணம் வீட்டில் இருந்திருந்தால் பாத்திரம் வந்திருக்காது என்பது அவருடைய சித்தாந்தம். அவ்வகையில் ரீஃபண்ட் ஒரு மாபெரும் சீட்டு. நடத்துபவர் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடமாட்டார் என்பது கூடுதல் வசதி.

ஆனால் இந்த வாதம் செல்லுபடியாகாத ஓரிடம் உண்டு. கிரெடிட் கார்டு பாக்கியை மாதம் 3.5 சதவீத வட்டியில் உருட்டிக்கொண்டிருப்பவர் அதே 5,000 ரூபாயை மாதந்தோறும் அங்கே செலுத்தியிருந்தால், ஓராண்டில் மிச்சமாகும் வட்டி தோராயமாக 13,000 ரூபாய். கடன் உள்ளவரின் பெரிய ரீஃபண்ட் பற்றி இழப்புக் கட்சியார் சொல்வதெல்லாம் சரி. கடன் இல்லாமல், கையில் காசும் தங்காதவர் என்றால் விபிஎஃப் (விருப்ப வருங்கால வைப்பு நிதி) என்றொரு மூன்றாம் வழி இருக்கிறது: சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், வட்டியும் உண்டு, 2024-25க்கு அது 8.25 சதவீதம். இன்பக் கட்சியார் இதை ஏற்பதில்லை. விபிஎஃப் பணம் ஆகஸ்டில் தானாக வந்து நிற்காது என்பதே காரணம்.

ரீஃபண்ட் வந்து சேரும் என்பதும் நிச்சயமன்று. 2019 மார்ச் முதல் அது பானுடன் இணைத்த, முன்கூட்டியே சரிபார்த்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே போகும். இங்கே தமிழ்ப் பெயர்கள் தனிச் சிக்கலை உண்டாக்குகின்றன. பான் விண்ணப்பம் தலைப்பெழுத்தை ஏற்காது. அதை விரித்து எழுதச் சொல்லும். விளைவாக பாஸ்புக்கில் எஸ். முருகனாக இருப்பவர் பான் அட்டையில் சுப்பையாவின் பெயரையும் முழுமையாகத் தாங்கி நிற்பார். மணமான பின் கணக்குத் தொடங்கிய பெண்ணின் பாஸ்புக்கில் கணவரின் முதலெழுத்து, பானில் தந்தையின் பெயர். இவர்கள் எல்லாரும் ஒருவரே என்று கணினி நம்ப மறுத்தால் கணக்கின் சரிபார்ப்பு தோற்கும். சரியாகும் வரை ரீஃபண்ட் நகராது. பழைய ஆண்டு வரி பாக்கி ஏதேனும் பதிவில் இருந்தால், 245ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்பி ரீஃபண்டிலிருந்து கழித்துக்கொள்ளவும் வருமான வரித் துறைக்கு அதிகாரம் உண்டு. ரிட்டர்னைக் கெடு தாண்டிப் போட்டால் வட்டி ஏப்ரலில் தொடங்காது, போட்ட நாளில்தான் தொடங்கும். இதற்கிடையே, ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பை அழுத்துக என்று மோசடிக் குறுஞ்செய்திகளும் வரும். உண்மையான ரீஃபண்டைவிட அவை வேகமாக வருவது வழக்கம்.

உழைப்பின்றிப் பெருக்கப்படும் ரீஃபண்ட் தனி இனம். கட்டாத பிரீமியம், கொடுக்காத நன்கொடை, குடியிருக்காத வீட்டின் வாடகை ஆகியவற்றைக் காட்டி ரிட்டர்ன் போட்டு, வரும் தொகையில் கமிஷன் வாங்கும் இடைத்தரகர்கள் உண்டு. 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது இத்தகையோரைத் தேடித்தான். வருமானத்தைப் பொய்யாகக் காட்டினால் அபராதம் அதற்குரிய வரியில் 200 சதவீதம் வரை போகும். கமிஷன் திரும்ப வராது. இவ்வினத்தின் நிதிப் பயன் குறித்து இரு கட்சியாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இழப்புக் கட்சியாரின் அறிவுரையை அளவுக்கு மீறிக் கேட்பதும் ஆபத்தே. பிடித்தத்தை இழுத்துக் குறைத்து, மீதி வரி 10,000 ரூபாயை எட்டிவிட்டால் முன்வரி கட்ட வேண்டும். தவறினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. அரசு தருவது அரை சதவீதம், வாங்குவது ஒரு சதவீதம். ஆகவே சிறிது கூடுதலாகக் கட்டுவதன் தண்டனை, சிறிது குறைவாகக் கட்டுவதன் தண்டனையைவிட மெல்லியது. கோட்பாட்டளவில் உத்தமமானது, ரீஃபண்டும் பாக்கியும் பூச்சியமாக முடியும் ரிட்டர்ன். அதை எட்டியவரை வீட்டில் யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை.

எஞ்சுவது அந்த 1,500 ரூபாய் வட்டி. ரீஃபண்டுக்கு வரி இல்லை. அதன் வட்டிக்கு உண்டு. பணம் கைக்கு வந்த ஆண்டின் ரிட்டர்னில் பிற வருமானம் என்ற தலைப்பில் அதைக் காட்ட வேண்டும். பலர் மறந்துவிடுவார்கள், துறை மறப்பதில்லை, ஏஐஎஸ் எனும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அது முன்பே ஏறியிருக்கும். 20 சதவீத அடுக்கில் செஸ்ஸுடன் அதற்கான வரி 312 ரூபாய். அந்த ஆண்டும் ரசீதுகளைத் தொலைத்தவருக்கு இதனால் சிரமம் எதுவும் இல்லை. அடுத்த ரீஃபண்டில் அது கழிந்துவிடும்.