சாயப்போகும் போஸ்ட்டுகள் குறித்து ஒரு பணிவான மனு

பெறுநர்: உயர்திரு தலைவர் மற்றும் மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், அண்ணா சாலை, சென்னை.

பொருள்: அடுத்த புயலுக்கான வருத்தத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது – தொடர்பாக.

ஐயா,

வேதாரண்யம், முத்துப்பேட்டை, பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரங்களைச் சேர்ந்த மனுதாரர்கள் தங்கள் சமூகத்துக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது. மேற்கண்ட முகவரியில் முதலில் மின்வாரியம் இருந்தது. 2010-ல் அது உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் ஆனது. 2024-ல் மறுபடி பிரிந்து பகிர்மானக் கழகம் மட்டும் ஆனது. மனுதாரர்கள் மூன்றையும் ‘ஈபி’ என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். பெயர் எத்தனை முறை மாறினாலும் தெருமுனை போஸ்ட் சாய்ந்த கோணம் மாறாததால் அவர்களுக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்ததும் வெளியாகும் பாதுகாப்பு வேண்டுகோளை மனுதாரர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே போகாதீர். போஸ்ட்டிலோ ஸ்டே கம்பியிலோ மாட்டைக் கட்டாதீர், துணி உலர்த்தாதீர். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர். எல்லாமே பொன்னான வார்த்தைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே நள்ளிரவு தாண்டிக் கரையேறிய கஜா புயல் போன பிறகு கதவைத் திறந்தபோது, கம்பியின் அருகே போகாமல் நிற்கக்கூடிய இடம் வீட்டுக்குள் மட்டுமே இருந்தது. சில வீடுகளுக்கு மேலே கூரை இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த ஒரு புயலில் விழுந்த போஸ்ட்டுகள் ஒரு லட்சத்துக்கு மேல். துணைமின் நிலையங்களும் ட்ரான்ஸ்ஃபார்மர்களும் தனிக் கணக்கு. காற்று பாதியைச் சாய்த்தது என்றால், மீதியைத் தென்னை சாய்த்தது. லைனுக்கு அடியில் தென்னை வளர்த்தது மனுதாரர்களின் குற்றம்தான். அந்தத் தோப்பின் குறுக்கே லைன் இழுத்தது யார் என்ற கேள்வியை மரியாதை கருதி இங்கே எழுப்பவில்லை.

புகார் சொல்லும் வசதி அதன் பிறகு நன்றாகவே வளர்ந்திருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மின்னகம்’ புகார் மையம் இரவு பகலாக இயங்குகிறது. செல்போனில் சார்ஜ் இருந்து, டவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தால், கரண்ட் இல்லை என்ற செய்தியைச் சென்னைக்குச் சொல்லிவிடலாம்.

இனி சற்று விவரமாகப் பேச வேண்டிய விஷயம். கம்பி அறுந்தால் ஃபியூஸ் போய்விடும், அப்புறம் பயமில்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் காய்ந்த மணலிலோ சிமெண்ட் தரையிலோ கம்பி விழுந்தால் தரைக்குள் பாயும் கரண்ட் குறைவு. ஃபியூஸ் உருகாது, கம்பி சத்தமில்லாமல் உயிரோடு கிடக்கும். போதாக்குறைக்கு, அடிக்கடி போகிறது என்பதற்காகப் பல ட்ரான்ஸ்ஃபார்மர்களில் ஃபியூஸ் கம்பியை நாலு சுற்று தடிமனாக முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஊர்க்காரர் கட்டியதும் உண்டு, ஊழியர் கட்டியதும் உண்டு. பதினோராயிரம் வோல்ட் கம்பியாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். சுற்றியுள்ள ஈர மண்ணில் காலை நீட்டி நடந்தாலே ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவே கரண்ட் பாய்ந்து ஆளை அடிக்கும். அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர் காலைத் தூக்காமல் குறுகக் குறுக நகர்த்தித்தான் விலக வேண்டும். தங்கள் வேண்டுகோளில் மாட்டுக்கு இருக்கும் இடத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

ஜெனரேட்டர் சங்கதி இதைவிட மோசம். கஜாவுக்குப் பிறகு, தண்ணீர்த் தொட்டியை நிரப்ப ஊருக்கு ஊர் ஜெனரேட்டர் வாடகைக்கு ஓடியது. மெயினை இறக்காமல், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்காமல் வீட்டு லைனில் அதைச் செருகினால், அந்த 230 வோல்ட் தெரு ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாக ஏறி மறுபுறம் பதினோராயிரமாக வெளியே வரும். அங்கே, சப்ளை இல்லை என்று நம்பி ஒரு லைன்மேன் போஸ்ட் மேல் நின்றுகொண்டிருப்பார். இதில் குற்றம் முழுக்க மனுதாரர்கள் பக்கம், ஒப்புக்கொள்கிறார்கள்.

லைன்மேனுக்கும் பாதுகாப்பு விதிகள் உண்டு. சப்ளை நிறுத்தப்பட்டதற்கான லைன் கிளியர் வாங்க வேண்டும், லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும், வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் எர்த் ராடு மாட்ட வேண்டும், கையுறையும் பெல்ட்டும் அணிய வேண்டும். “நாளைக்குள் கரண்ட் வந்துவிடும்” என்று டி.வி.யில் ஒரு பேட்டி வந்துவிட்டால், இந்த வரிசையில் எது முதலில் கழன்று விழும் என்பது போஸ்ட் ஏறியவர்களுக்குத் தெரியும். அந்தப் பேட்டியை மனுதாரர்கள் பார்க்கவில்லை. பார்க்கக் கரண்ட் இல்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியபோது, தண்ணீர் தேங்கிய பகுதிகளில் கரண்டை நிறுத்தியே வைத்தார்கள். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் திட்டித் தீர்த்தன. அந்த முடிவு சரி. மறு ஆண்டு நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் பணம் எடுக்கப் போன வடமாநில இளைஞர் ஒருவர் சென்னையில் ஏ.டி.எம். வாசலில் மின்சாரம் தாக்கி இறந்தார். இருட்டு யாரையும் அப்படிக் கொல்வதில்லை.

கஜாவில் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் லைன்மேன்கள் வந்தார்கள். பல மாவட்டங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களும் வந்து, பள்ளிக்கூடத் தரையில் படுத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். சம்பா வயலில் முழங்கால் சேறு. லாரி இறங்காது, கிரேனும் இறங்காது. எட்டு மீட்டர் சிமெண்ட் போஸ்ட்டைக் கயிறு கட்டித் தோளில் சுமந்து, நட்ட பயிரை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போனார்கள். பயிருக்குச் சொந்தக்காரரே முன்பக்கம் தோள் கொடுத்தார். அப்படியும் பம்ப்செட் லைன்கள் கடைசி வரிசையில்தான் நின்றன. அன்று போஸ்ட் நட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களின் பணி நிரந்தரக் கோரிக்கை மட்டும், போஸ்ட்டை விட உறுதியாக நட்ட இடத்திலேயே நிற்கிறது.

கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களில் உலக வங்கி உதவியோடு கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகும் பணியை எடுத்துச் செய்தது நல்ல காரியம். கிராமத்துக்கு அவ்வளவு செலவு கட்டாது என்று பொறியாளர்கள் சொல்வதும் மனுதாரர்களுக்குப் புரிகிறது. எனவே அவர்கள் கேட்பது சின்னச் சின்ன விஷயம்தான். மழைக்கு முன்பே லைனை உரசும் மட்டைகளை வெட்ட வேண்டும். ஃபியூஸில் உரிய தடிமனுள்ள கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புயல் இரவில் யாரைக் கூப்பிட்டால் ஏபி சுவிட்சை இறக்குவார் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். எந்த ஊருக்கு எந்த நாள் கரண்ட் வரும் என்ற பட்டியலும் அதே சுவரில் ஒட்டப்பட வேண்டும். பத்து நாள் என்றால் பத்து நாள் என்றே இருக்கட்டும்.

கயிறு, கடப்பாரை, மண்வெட்டி, தோள் எல்லாம் மனுதாரர்கள் கொண்டு வருவார்கள். கையுறையும் எர்த் ராடும் மட்டும் தாங்கள் கொண்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்